கொம்தாரிலிருந்து தோட்டத்து லயம் வரை

பினாங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வெளியூர்க்காரரிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ஓட்டுக் கூரை போட்ட கடைவீடுகள், சீனர்களின் கொங்சி மனைகள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டு எழுந்த மகா மாரியம்மன் கோயில், லிட்டல் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாடு. 2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது இந்தப் பழைய வாணிபத் துறைமுக நகரத்துக்காகத்தான். அந்தப் பெருமை ஊருக்குத் தகும்.

ஆனால் பினாங்கின் கட்டடக் கதை வெள்ளைக்காரன் கப்பலேறியதோடு முடிந்துவிடவில்லை. 1957-இல் மெர்டேக்கா வந்தது முதல் 1985-இல் கடலுக்கு மேல் பாலம் திறந்தது வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் இந்த ஊர் சிமெண்டிலும் இரும்பிலும் தனக்கென்று ஒரு முகத்தைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு தீவின் பின்புறத்து மலைச்சரிவுகளில் இன்னொரு வகை எழுந்தது. பழைய மரவீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டி, கட்டடக் கலைஞர்களின் கைவண்ணத்தில் ஆக்கிய கிராமத்துத் தங்கும் விடுதிகள் அவை.

ஒரு காரை எடுத்துக்கொண்டு காலையில் புறப்பட்டால் தீவை ஒரு சுற்றுச் சுற்றி, பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கும் போய், இருட்டுவதற்குள் இவற்றையெல்லாம் பார்த்துவிடலாம். பார்த்து முடிக்கும்போது ஒரு கேள்வி எழாமல் போகாது. எந்தக் கட்டடத்தை அழகு என்று சொல்லிக் காப்பாற்றுகிறார்கள், எதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்? தமிழர் குடியிருந்த கட்டடங்கள் இதில் எந்தப் பக்கம் வருகின்றன?

வாடகைச் சட்டம் காத்த நகரம்

முதலில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஜோர்ஜ்டவுனின் கடைவீடுகள் இவ்வளவு எண்ணிக்கையில் பிழைத்ததற்குக் கலை ஆர்வம் காரணமில்லை, ஒரு வாடகைச் சட்டம்தான் காரணம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டது. குடியிருப்பவரை எளிதில் கிளப்ப முடியாது, வாடகையை ஏற்ற முடியாது. உடைமைக்காரர் பழுது பார்க்கவும் இல்லை, இடித்துப் புதிதாகக் கட்டவும் இல்லை. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பழைய தெருக்களை இடித்துத் தள்ளிய காலத்தில் பினாங்கின் தெருக்கள் ஒழுகும் கூரையோடு அப்படியே நின்றன.

சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் தேதியோடு கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக ஐந்தடி நடைபாதையில் தொழில் செய்தவர்கள், மாடியில் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். கட்டடம் தங்கியது, அதில் வாழ்ந்த மனிதர்கள் தங்கவில்லை. அதே 2000-ஆம் ஆண்டில்தான், கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ புதுப்பித்த சியோங் ஃபாட் சேயின் நீல மாளிகை யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது. பழைய மாளிகையில் காசு கொடுத்துத் தங்கலாம் என்ற வழக்கம் பினாங்கில் வேரூன்றியது அந்த மாளிகையிலிருந்துதான் என்றால் மிகையாகாது.

அறுபத்தைந்து மாடிக் கனவு

நீல மாளிகையிலிருந்து சில நிமிடப் பயணத்தில் கொம்தார். துன் அப்துல் ரசாக் கட்டடத் தொகுதி என்பதன் சுருக்கப் பெயர் அது. ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். தெரிவதாலேயே யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

அதன் பிறப்பைப் புரிந்துகொள்ள 1969-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டில்தான் பினாங்கு தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிபத்தை நம்பி வாழ்ந்த ஊரில் வேலையில்லாதோர் பெருகினர். அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் வென்று முதலமைச்சர் ஆனவர் டாக்டர் லிம் சோங் இயூ. 1990 வரை அவரே பதவியில் இருந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வட்டாரத்தைத் திறந்து மின்னணுத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தது அவரது ஆட்சி. நகரத்தின் நடுவே ஒரு புதிய மையத்தை எழுப்பும் பணி 1974-இல் தொடங்கியது.

வரைபடம் போட்டவர் முதலமைச்சரின் தம்பி லிம் சோங் கீட். பினாங்கில் பிறந்தவர், இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் படித்தவர். கொம்தாருக்கு முன்பே அவர் பெயர் பெற்றிருந்தார். 1965-இல் திறந்த சிங்கப்பூர் மாநாட்டு மண்டபமும், சிரம்பானில் ஒன்பது வளைந்த கூரைகளோடு நிற்கும் நெகிரி செம்பிலான் மாநிலப் பள்ளிவாசலும் அவர் பங்கேற்ற நிறுவனத்தின் ஆக்கங்கள். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் மண்ணில் கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டக்கூடாது, நிழலையும் காற்றையும் கட்டடத்துக்குள் விட வேண்டும் என்ற கொள்கைக்காரர். பிற்காலத்தில் பனை வகைகளை ஆராயும் தாவரவியலாளராகவும் அறியப்பட்டார்.

அமெரிக்கச் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரும் லிம் சோங் கீட்டும் நண்பர்கள். முக்கோணச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து, நடுவே தூண் இல்லாமல் பெரிய குவிமாடத்தை எழுப்பும் முறையை உலகுக்குப் பரப்பியவர் ஃபுல்லர். கொம்தாரின் அடித்தளத்துக்கு மேல் கவிழ்ந்திருக்கும் குவிமாடம் அந்த முறையில் எழுந்ததுதான். அதன் கீழே விளையாட்டும் விருந்தும் கச்சேரியும் நடந்தன.

கடை, அலுவலகம், பேருந்து நிலையம், மக்கள் கூடும் மண்டபம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்கு அருகில் கொண்டுவருவது திட்டம். பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட கோபுரம் 65 மாடிகளோடு சுமார் 232 மீட்டர் உயர்ந்து 1980களின் நடுவில் முடிந்தபோது, மலேசியாவிலேயே அதுதான் உயரமானது. தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்க, கைக்கடிகாரம் பழுது பார்க்க, அரசு அலுவலகத்தில் பாரம் நிரப்ப என்று பினாங்குத் தமிழர் ஒரு தலைமுறையே ஏறி இறங்கிய படிகள் அவை.

கொம்தாருக்காக ஊர் கொடுத்த விலையும் பெரிது. பிராங்கின் கால்வாயை ஒட்டிய கடைவீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டன. கிளாட்ஸ்டோன் சாலை என்ற ஒரு சாலையே வரைபடத்திலிருந்து மறைந்தது. திட்டமிட்ட கடைசிக் கட்டங்கள் பல ஆண்டு தள்ளிப்போய், முதலில் நினைத்த வடிவத்தில் எழாமல் வணிக வளாகங்களாக முடிந்தன. புறநகரில் புதிய கடைத்தொகுதிகள் வந்த பிறகு கொம்தாரின் உள்தாழ்வாரங்களில் கூட்டம் குறைந்தது. 2010களில் உச்சி மாடிகளைப் புதுப்பித்து, கண்ணாடித் தரை போட்டு, சீட்டு வாங்கி ஏறும் காட்சிக் கூடமாக்கினார்கள். அங்கே ஏறுபவர்கள் பார்ப்பது கீழே பரந்திருக்கும் பழைய ஓட்டுக் கூரைகளைத்தான். காலுக்குக் கீழே இருக்கும் கட்டடத்தைப் பற்றி அங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

மூவினமும் ஏறிய மின்தூக்கி

கொம்தாரை விட்டு டத்தோ கிராமாட் சாலை வழியே ஆயர் ஈத்தாம் பக்கம் போனால், தூரத்திலிருந்தே வரிசை வரிசையாகத் தெரிபவை ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள். ஒரு காலத்தில் துப்பாக்கிப் பயிற்சித் திடலாக இருந்ததால் வந்த பெயர். 1960களின் இறுதியில் எழுந்த ஒன்பது கட்டடங்கள், 3,600-க்கும் மேற்பட்ட வீடுகள். சுவர்களையும் தளங்களையும் முன்கூட்டியே வார்த்து, பிறகு பாரந்தூக்கியால் தூக்கிப் பொருத்தும் முறை நாட்டுக்கு அப்போது புதிது. கோலாலம்பூரில் பெக்கெலிலிங் சாலை அடுக்குமாடியும், பினாங்கில் இதுவும் அந்த முறையின் முதல் சோதனைகள்.

அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வீடுகள் சிறியவை, நடைக்கூடம் நீளமானது, மூங்கில் கழியில் துணி காய்கிறது. ஆனால் சுதந்திரம் பெற்ற ஒரு நாடு தன் ஏழைகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கழிப்பறையும் உள்ள வீட்டை எவ்வளவு விரைவாகக் கொடுக்க முடியும் என்ற கேள்விக்கு இந்தக் கட்டடம்தான் விடை. அட்டாப்புக் கூரையின் கீழும், கடைவீட்டு மாடியின் ஒண்டுக் குடித்தனத்திலும் இருந்த மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் முதன்முதலாக ஒரே மின்தூக்கியில் ஏறின. எந்தத் தெருவும் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லும் ஊரில் இது சின்னச் செய்தியல்ல. கோலாலம்பூரின் பெக்கெலிலிங் அடுக்குமாடி 2010களில் இடிக்கப்பட்டுவிட்டது. பினாங்கின் அடுக்குமாடியில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், கிரீன் லேன் என்று ஊரார் சொல்லும் மஸ்ஜித் நெகிரி சாலையின் முனையில் மாநிலப் பள்ளிவாசல். 1976-இல் தொடங்கி 1980-இல் முடிந்தது. மேல்நோக்கி வளைந்து, கிரீடம்போல ஒன்றுகூடும் கான்கிரீட் விலாக்கள். இதன் வடிவத்துக்கு உந்துதல் பிரேசில் நாட்டுத் தலைநகர் பிரசிலியாவில் ஆஸ்கார் நீமெயர் கட்டிய கத்தோலிக்கப் பேராலயம். வரைந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் எஃப்ரென் பிரிண்டெஸ் பாஸ். பொதுவுடைமைக்காரரான நீமெயரின் கிறிஸ்துவ ஆலயத்தைப் பார்த்து ஒரு பிலிப்பைன்ஸ்காரர் மலேசியாவில் பள்ளிவாசல் எழுப்பினார் என்பது அந்தக் காலத்தின் மனநிலையைச் சொல்லும்.

அன்று புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் எல்லாமே இந்த மொழியில்தான் பேசின. நேரு சண்டிகர் நகரை லு கொர்புசியேயிடம் ஒப்படைத்தார். காரணம் எளிது. தூணும் வளைவும் ஆண்டவனின் பங்களாவை நினைவூட்டின. ஓர் இனத்தின் கூரையைப் போட்டால் இன்னோர் இனம் முகம் சுளிக்கும். வெறும் கான்கிரீட் யாருக்கும் பாட்டன் சொத்தில்லை, ஆகவே எல்லாருக்கும் பொது.

அந்தக் கட்டடங்களுக்கு இன்று வயது ஐம்பதைத் தாண்டுகிறது. புதிதும் அல்ல, பழையதும் அல்ல என்ற ஆபத்தான வயது. டில்லியில் 1972-இல் ராஜ் ரேவால் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி மண்டபம், உலகக் கட்டடக் கலைஞர்கள் குரல் கொடுத்தும் 2017-இல் ஓர் இரவில் தரைமட்டமானது. மாறாக, 1957-இல் சுதந்திரப் பிரகடனம் முழங்கிய கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தைப் புதுப்பித்த பணி 2008-இல் யுனெஸ்கோ விருதே பெற்றது. மனம் இருந்தால் கான்கிரீட்டையும் காப்பாற்றலாம்.

ஜாதிக்காய்க் கிராமம்

கிரீன் லேனில் தெற்கே இறங்கினால் குளுகோர். இடப்பக்கம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1969-இல் தொடங்கிய அது, பிரிட்டிஷ் இராணுவத்தின் மிண்டென் பாசறைக்குள் குடியேறி, படைவீடுகளை வகுப்பறைகளாக்கியது. மலைப் பக்கம் புக்கிட் கம்பீர். அங்கேதான் கம்போங் புவா பாலா இருந்தது.

புவா பாலா என்றால் ஜாதிக்காய். 19-ஆம் நூற்றாண்டில் ஜாதிக்காயும் கிராம்பும் விளைவித்த பிரவுன் குடும்பத்தாரின் தோட்ட நிலம். அந்தத் தோட்டத்தில் உழைத்த தமிழர்களின் வாரிசுகள், மாடு கன்றோடு, பொங்கலும் திருவிழாவுமாக, நகரத்தின் நடுவிலேயே ஒரு கிராமமாக வாழ்ந்தார்கள். மாட்டு மந்தையைப் பார்த்து ஊரார் 'ஹை சாப்பரல்' என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். நிலம் கைமாறி, நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கி, 2009 செப்டம்பரில் அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. யுனெஸ்கோ பட்டியல் வந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

மாற்று வீடுகள் பற்றிய பேச்சு நீண்ட நாள் நடந்தது. அது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஜோர்ஜ்டவுனின் பாரம்பரியம் என்று பேசியபோது கடைவீட்டின் சன்னலுக்குக்கூட அளவு எடுத்து விதி எழுதினார்கள். பலகையும் தகரமுமாக நின்ற ஒரு தமிழ்க் கிராமம், கட்டடம் என்ற கணக்கிலேயே வரவில்லை.

தீவின் முதுகுப் பக்கம்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளையும் விமான நிலையத்தையும் தாண்டி, தெலுக் கும்பார் வழியாக வளைந்து ஏறினால் காற்று மாறும். பாலிக் புலாவ் என்றாலே தீவின் பின்பக்கம் என்று பொருள். டுரியான், ஜாதிக்காய், கிராம்பு, வயல், மலாய்க் கம்பங்கள், ஹக்கா சீனர்களின் பழத்தோட்டங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் இந்தச் சாலையில் வாசனை பிடித்தே டுரியான் கடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கேதான் புதுவகை விடுதிகள் முளைத்தன. நாட்டில் கிராமத்து வீட்டில் விருந்தினராகத் தங்கும் திட்டத்தை அரசாங்கம் 1995-இல் தொடங்கியிருந்தாலும், இவை அதிலிருந்து வேறுபட்டவை. பாலிக் புலாவ் மலைமேல் எழுந்த மாலிஹோம், தாய்லாந்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய மர நெற்களஞ்சியங்களை அறைகளாக்கியது. பத்தாயம் படுக்கையறை ஆனது என்று சொல்லலாம். லங்காவியில் பாழடைந்த மலாய் மரவீடுகளை வாங்கி மறுபடி பூட்டிய பொன் டோன் விடுதியும், சிலாங்கூரின் செரெண்டாவில் நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் காட்டுக்குள் கண்ணாடியும் மண்சுவருமாக எழுப்பிய கொட்டகைகளும் இதே குடும்பம். பாலிக் புலாவிலிருந்து வடக்கே தெலுக் பஹாங் வந்தால், கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தை 2003-இல் வாசனைப் பயிர்ச் சோலையாக மாற்றிய டிராப்பிக்கல் ஸ்பைஸ் கார்டன். சரிவைச் சமன்படுத்தாமல், மரத்தை வெட்டாமல் பாதை போட்ட நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த அழகுணர்வுக்கு ஆசியாவில் ஒரு மூலவர் உண்டு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. பெந்தோட்டைக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை 1948-இல் வாங்கி, லுனுகங்கா என்று பெயரிட்டு, 2003-இல் மறையும்வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். வீடு எது, தோட்டம் எது என்று பிரிக்க முடியாத அந்த இடத்தில் இப்போது விருந்தினர் தங்கலாம். 1970களில் மதுரையில் மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்காகப் பாவா ஒரு மன்றக் கட்டடமும் கட்டினார். பழைய கல்தூண்களையும் உள்ளூர்க் கருங்கல்லையும் எடுத்தாண்ட கட்டடம் அது.

மதுரையிலிருந்து செட்டிநாடு எட்டும் தூரம். கானாடுகாத்தானில் 1930களின் ஆர்ட் டெக்கோ பாணியில், மகள் விசாலாட்சிக்காக ஒரு நகரத்தார் எழுப்பிய வீடு 'விசாலம்' என்ற பெயரில் விடுதியாக மாறியிருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. அந்த ஊர்களின் பர்மாத் தேக்குக்கும் இத்தாலியப் பளிங்குக்கும் பணம் வந்த வழிகளில் ஒன்று பினாங்கு தெருவின் கிட்டங்கிகள். அதே நகரத்தார் தண்ணீர்மலை அடிவாரத்தில் 1850களில் கட்டிய முருகன் கோயிலும், 1894-இல் கப்பலில் வந்திறங்கிய வெள்ளி ரதமும் தைப்பூசத்தன்று இன்றும் பினாங்கை நிறைக்கின்றன. வட்டிக்கடைப் பெட்டியடிக்கு முன் உட்கார்ந்து ஈட்டிய காசு அங்கே மாளிகை ஆனது. மாளிகை இன்று விடுதி ஆனது.

தெலுக் பஹாங்கிலிருந்து நகருக்குத் திரும்பும் வழியில் பத்து பெரிங்கி கடற்கரை. 1973-இல் திறந்த ரசா சாயாங் ஹோட்டல், மினாங்கபாவ் கொம்புக் கூரையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. 1971-இல் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்த பிறகு, கான்கிரீட் உடம்புக்கு மலாய்க் கூரை போடும் வழக்கம் நாடெங்கும் வலுத்தது. அதற்கு இது ஒரு சான்று. கடற்கரை அழகு, நிற்காமல் போகலாம்.

பாலத்துக்கு அப்பால்

1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலத்தைக் கடந்து நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் செபராங் பிறையின் தோட்டப் பகுதி. வெள்ளைக்காரன் காலத்தில் இதன் பெயர் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. மலாயாவுக்குச் சஞ்சிக்கூலிகளாகத் தமிழர்கள் வந்திறங்கிய முதல் பெரிய வட்டாரம் இதுதான் என்று சொல்லலாம். அப்போது கரும்புத் தோட்டம், பிறகு ரப்பர், அதற்குப் பிறகு செம்பனை. ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி ஆள் கூட்டி வருவது 1938-இல் நின்றது. பயிர் மாறியது, முறை மாறியது, குடியிருப்பு மட்டும் அதே லயம்தான்.

லயமும் ஒரு வடிவமைப்புதான் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே நீளக் கூரை, அதன் கீழே சுவர் பகிர்ந்த அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம், முன்னால் ஒரு திண்ணைத் தாழ்வாரம், பின்னால் அடுப்படி. பிரட்டுக் களத்துக்கு அருகில், கங்காணியின் குரல் எட்டும் தூரத்தில். மேட்டில் துரையின் பங்களா, பள்ளத்தில் லயம். மிகக் குறைந்த செலவில் மிக அதிகமான உழைப்பாளிகளைக் கண்பார்வையில் வைத்திருக்க யோசித்துப் போட்ட வரைபடம் அது. அந்தத் தாழ்வாரத்தில்தான் தமிழர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், பந்தல் போட்டுக் கல்யாணம் முடித்தார்கள், பிணத்தைக் கிடத்தி அழுதார்கள்.

நிபோங் திபால் அருகே கலிடோனியா தோட்டத்தில் '99 கதவு பங்களா' என்ற பாழடைந்த மாளிகை நிற்கிறது. தோட்ட முதலாளி ராம்ஸ்டென் 1948-இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வெறிச்சோடியது. பேய் இருக்கிறது என்ற வதந்தியால் இளைஞர்கள் படம் பிடிக்க வருகிறார்கள், கதவை எண்ணுகிறார்கள். அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்கள் குடியிருந்த வரிசைகளைத் தேடி யாரும் வருவதில்லை.

இலங்கை மலையகத்திலும் இதே காட்சிதான். ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைகளின் தேயிலை பங்களாக்கள் 2005-இல் உயர்தர விடுதிகளாயின. கொழுந்து பறிக்கும் தமிழர்களின் லயங்கள் அதே மலைகளில்தான் இருக்கின்றன. விளம்பரப் படத்தில் கூடையோடு பெண் வருகிறாள், அவள் வீடு வருவதில்லை.

லயம் துன்பத்தின் சின்னம், அதைப் போற்ற என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. யாரையும் மறுபடி அதில் குடிவைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் துரையின் சாய்வு நாற்காலியை மெருகேற்றி விருந்தினருக்குக் காட்டும் விடுதி, அந்த நாற்காலிக்குச் சம்பளம் ஈட்டிக் கொடுத்தவனின் ஓர் அறையையாவது நிமிர்த்தி வைத்தால்தான் காட்டுவது வரலாறு ஆகும். இல்லாவிட்டால் வெறும் அலங்காரம்.

1950களின் பிற்பகுதியிலிருந்து வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வேலையோடு லயமும் பறிபோனது. வேலை போனால் வீடும் போகும் என்பதே தோட்டத்துச் சட்டம். அந்த நெருக்கடியில்தான் துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதன்முதலாக வாங்கியது பினாங்குக்கு அடுத்த கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம். கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனது மலேசியத் தமிழர் வரலாற்றில் ஒரு திருப்பம். ஆனாலும் பெரும்பாலான தோட்டங்கள் வேறு கைகளுக்கே போயின. 1980களுக்குப் பிறகு செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்து, லயங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

தீவுக்குத் திரும்ப இரண்டாவது பாலம் இருக்கிறது. 2014 மார்ச் முதல் தேதி திறந்த அந்த 24 கிலோமீட்டர் பாலத்தின் பெருநில முனை பத்து காவான். இதுவும் கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்ட மண்தான். இப்போது விளையாட்டரங்கம், தொழிற்சாலைகள், 2019-இல் வந்த ஐகியா அறைகலன் கடை. அதற்குச் சற்று முன்பு, 2016-இல் திறந்த பெரிய கடைத்தொகுதிக்கு வைத்த பெயர் 'டிசைன் வில்லேஜ்'.

வடிவமைப்புக் கிராமம்! அங்கே லயத்தின் ஒரு பலகைகூடக் கிடையாது. பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, டிரான்ஸ்கிரியான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில்தான் தோட்டம் என்ற சொல் இன்னும் இருக்கிறது.